ஈஸ்ட் செல்லுக்குள் சர்க்கரை நுழையும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொதித்தலைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் பலரும், குளுக்கோஸ் ஏற்கெனவே செல்லுக்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உருவாகும் படிநிலைகளையே மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சர்க்கரை முதலில் செல் சவ்வைக் கடந்தாக வேண்டும். எந்தச் சர்க்கரை முதலில் தீரும், எது கடைசிவரை மிஞ்சும், நொதித்தல் எப்போது தடுமாறும் என்பவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. ரொட்டி, பீர், ஒயின், எரிபொருள் எத்தனால் ஆகிய அனைத்துக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற சிற்றினமே இங்கு முதன்மையாகப் பேசப்படுகிறது. மற்ற ஈஸ்ட்கள் தேவையான இடங்களில் மட்டும் வருகின்றன.

சர்க்கரை தானாகவே செல்லுக்குள் கசிந்து போகாதா?

போகாது. ஈஸ்டின் வெளிச்சுவர் குளுக்கான்களாலும் மன்னோபுரதங்களாலும் ஆன, நுண்துளைகள் நிறைந்த அமைப்பு என்பதால் குளுக்கோஸ், மால்டோஸ் போன்ற சிறு மூலக்கூறுகளை அது தடுப்பதில்லை. உண்மையான தடை அதற்கு உள்ளே இருக்கும் சவ்வுதான். அந்தச் சவ்வின் நடுப்பகுதி கொழுப்பால் ஆனது. சர்க்கரையோ ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்து நீரை நாடும் மூலக்கூறு. நீரை விட்டு நீங்கிக் கொழுப்புக்குள் புக அதற்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுவதால், தானாக நிகழும் கசிவு செல்லின் பசிக்குச் சிறிதும் போதாது. ஆகவே சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள் வழியாகவே சர்க்கரை உள்ளே வருகிறது.

ஸ்டார்ச் போன்ற நீண்ட சங்கிலிகளுக்கு அப்படிப்பட்ட கடத்திகளே கிடையாது. அவற்றை வெளியிலேயே நொதிகள் சிறு சர்க்கரைகளாக உடைத்துத் தர வேண்டும். டையாஸ்டேட்டிகஸ் என்று அழைக்கப்படும் ஈஸ்ட் வகைகள் அதற்கான குளுக்கோஅமைலேஸ் நொதியைத் தாமே சுரந்து கொள்கின்றன. பெரும்பாலான பீர் ஈஸ்ட்களிடமும் ரொட்டி ஈஸ்ட்களிடமும் அந்த நொதி இல்லை.

குளுக்கோஸை உள்ளே கொண்டுவர ஈஸ்ட் ஆற்றல் செலவழிக்கிறதா?

இல்லை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே குளுக்கோஸை எளிதாக்கப்பட்ட விரவல் என்னும் முறையில் பெறுகிறது. வெளியே செறிவு அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும்வரை சர்க்கரை அந்தச் சரிவின் வழியே உள்ளே வருகிறது. கடத்திப் புரதம் அந்த ஓட்டத்துக்கு வழி அமைத்துத் தருகிறதே தவிர, அதைத் தள்ளுவதில்லை. உள்ளே வந்த குளுக்கோஸுக்கு ஹெக்சோகைனேஸ் நொதிகள் உடனடியாக ஒரு பாஸ்பேட்டை இணைத்துவிடுகின்றன. பாஸ்பேட் ஏறிய குளுக்கோஸைக் கடத்திகள் ஏற்பதில்லை என்பதால் அது வெளியேற முடியாது, உள்ளே தனித்த குளுக்கோஸின் செறிவும் தாழ்ந்தே இருக்கும், சரிவு நிலைத்திருக்கும். அந்தப் பாஸ்பேட்டுக்காக, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று செலவாவது உண்மைதான். ஆனால் அது குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸ் பாதையில் எப்படியும் ஏற்படும் செலவு. அதைக் கடத்தலின் கணக்கில் எழுதுவது தவறு.

இந்தக் கடத்திப் புரதம் சவ்வைப் 12 முறை ஊடுருவிச் செல்லும் சுருள்களால் ஆனது. அவை ஆறு ஆறாக இரு பாதிகளாக அமைந்துள்ளன. சர்க்கரை பிணையும் இடம் இரு பாதிகளுக்கும் நடுவே இருக்கிறது. புரதம் வெளிப்பக்கம் திறந்து சர்க்கரையைப் பிடித்து, மூடிக்கொண்டு, பிறகு உள்பக்கம் திறந்து விடுவிக்கிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்பதால் இது ஒரு துளை அன்று. பக்கம் மாறித் திறக்கும் இந்தக் கருத்தை ஓலெக் ஜார்டெட்ஸ்கி 1966-ல் முன்வைத்தார். பிற்காலத்தில் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியக் கடத்திகளின் முப்பரிமாண அமைப்புகளும், 2014-ல் மனிதக் குளுக்கோஸ் கடத்தியான குளூட்1-இன் அமைப்பும் வெளியானபோது அந்தக் கருத்து உறுதிப்பட்டது. ஈஸ்டின் குளுக்கோஸ் கடத்திகளும் நம் சிவப்பணுக்களில் இருக்கும் குளூட்1-உம் உறவுப் புரதங்கள்.

கடத்தி இரு திசையிலும் இயங்கக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே குளுக்கோஸ் மிகுந்தால் அதே புரதம் அதை வெளியேயும் விடும். மால்டோஸில் வளரும் ஈஸ்ட், உள்ளே மால்டோஸ் உடைவதால் தேங்கும் குளுக்கோஸில் ஒரு பகுதியை இவ்வழியே வெளியேற்றுவதைக் காண முடிகிறது.

ஒரே குளுக்கோஸுக்கு இத்தனை கடத்திகள் எதற்கு?

இந்தப் பொருளில் மிகவும் சிந்திக்க வைக்கும் கேள்வி இதுவே என்பது என் எண்ணம். ஈஸ்டின் மரபுத்தொகுதி முழுவதும் 1996-ல் படிக்கப்பட்டபோது, ஹெக்சோஸ் (குளுக்கோஸ் போன்ற ஆறு கார்பன் சர்க்கரை) கடத்திக் குடும்பத்தில் 20 மரபணுக்கள் இருப்பது தெளிவாயிற்று: எச்எக்ஸ்டி1 முதல் எச்எக்ஸ்டி17 வரை பதினேழு, காலக்டோஸுக்கான கேல்2, அடுத்த கேள்வியில் வரும் இரண்டு உணரிகள். இவற்றுள் எச்எக்ஸ்டி1 முதல் 7 வரை ஏழையும் நீக்கிய ஈஸ்ட் குளுக்கோஸில் வளர்வதில்லை. ஆகவே அன்றாட வேலையைச் சுமப்பவை அந்த ஏழில்தான் இருக்கின்றன. ஆனால் குளுக்கோஸ் நுழைவை முற்றாக நிறுத்த வேண்டுமானால் அது போதாது. மால்டோஸ் கடத்திகள் சிலவற்றையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்ட மரபணுக்களை நீக்க வேண்டியிருந்தது என்பதை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதைப் பிணைப்பு நாட்டத்தின் அளவுகள் காட்டுகின்றன. கடத்தி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுவதற்குத் தேவையான குளுக்கோஸ் செறிவு எச்எக்ஸ்டி1-க்கு ஏறத்தாழ 100 மில்லிமோலார், எச்எக்ஸ்டி3-க்கு ஏறத்தாழ 60, எச்எக்ஸ்டி6, எச்எக்ஸ்டி7 இரண்டுக்கும் 1 முதல் 2 மில்லிமோலார் மட்டுமே. எச்எக்ஸ்டி2-உம் எச்எக்ஸ்டி4-உம் இடையில் நிற்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் 2 சதவீதக் குளுக்கோஸ் கரைசல் ஏறத்தாழ 111 மில்லிமோலார். திராட்சைச் சாற்றிலோ குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்து லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல், அதாவது 1,000 மில்லிமோலாருக்கும் மேல் இருப்பது இயல்பு. வெளியே 1 மில்லிமோலார் மட்டும் இருக்கும்போது எச்எக்ஸ்டி1 தன் உச்ச வேகத்தில் நூற்றில் ஒரு பங்கே வேலை செய்யும். எச்எக்ஸ்டி7 அப்போதும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையான வேகத்தை எட்டிவிடும்.

அப்படியானால் வலுவாகப் பிணைக்கும் எச்எக்ஸ்டி7 ஒன்றையே எப்போதும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பது நியாயம். சர்க்கரையை இறுகப் பிடிக்கும் கடத்தி அதே இறுக்கத்தோடு உள்பக்கத்திலிருந்தும் பிடிக்கும் என்பதே இதற்கு முக்கியமான விடை. வெளியே சர்க்கரை பெருகி உள்ளேயும் சிறிது தேங்கும்போது, கடத்திகள் உள்பக்கச் சர்க்கரையாலேயே நிரம்பிவிடுகின்றன. வெற்றாகத் திரும்பி வந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைவதால் நிகர உள்வரவு சரிகிறது. தளர்வாகப் பிணைக்கும் கடத்திக்கு இந்தச் சிக்கல் குறைவு. இதனோடு சவ்வில் இருக்கும் இடமும் வரம்புக்குட்பட்டது. ஆகவே சர்க்கரை மிகுந்த நேரத்தில் தளர்வான கடத்திகளையும், அருகிய நேரத்தில் இறுக்கமானவற்றையும் சவ்வில் வைத்துக்கொள்ளும் செல் இரு காலங்களிலும் நன்றாக வாழ்கிறது. ஒயின் நொதித்தலில் இந்த வரிசையை நேரடியாகக் காணலாம்: தொடக்கத்தில் எச்எக்ஸ்டி1, ஏறத்தாழ முழுக்காலமும் எச்எக்ஸ்டி3, சர்க்கரை தீரும் நேரத்தில் எச்எக்ஸ்டி6-உம் 7-உம். வளர்ச்சி மந்தமாகும்போது எச்எக்ஸ்டி5 தலைகாட்டுகிறது.

வெளியே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைச் செல் எப்படி அறிகிறது?

எஸ்என்எஃப்3, ஆர்ஜிடி2 என்ற இரண்டு சவ்வுப் புரதங்கள் இதற்காகவே இருக்கின்றன. உருவத்தில் இவை குளுக்கோஸ் கடத்திகளைப் போலவே இருந்தாலும் சர்க்கரையைக் கடத்துவதில்லை. குளுக்கோஸ் வெளியே பிணைந்ததும், செல்லுக்குள் நீண்டிருக்கும் தம் வால்பகுதியின் வழியே செய்தி அனுப்புகின்றன. எஸ்என்எஃப்3 குறைந்த செறிவையும் ஆர்ஜிடி2 உயர்ந்த செறிவையும் உணர்கின்றன. இவற்றில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிய திரிபுகள், குளுக்கோஸே இல்லாதபோதும் இருப்பதாகச் செய்தி அனுப்பியது 1990-களில் கண்டறியப்பட்டது. கடத்தலோ உள்ளே நடக்கும் வேதிமாற்றமோ இன்றி, பிணைப்பே செய்தியாகிறது என்பதற்கு அது வலுவான சான்று.

செய்தி உள்ளே சென்றதும் நடப்பது ஒரு தடையின் நீக்கம். ஆர்ஜிடி1 என்ற புரதம் எச்எக்ஸ்டி மரபணுக்களின்மேல் அமர்ந்து அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. அதற்குத் துணை நிற்பவை எம்டிஎச்1, எஸ்டிடி1 என்ற இரு புரதங்கள். உணரியின் செய்தியால் இந்தத் துணைப் புரதங்கள், சிதைக்க வேண்டியதைக் காட்டும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதக் குறியைப் பெற்றுச் சிதைக்கப்படுகின்றன. துணையிழந்த ஆர்ஜிடி1 விலக, மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இதனோடு மிக்1 என்ற வேறோர் அடக்கி, குளுக்கோஸ் மிகுந்த நேரத்தில் இறுக்கமான கடத்திகளின் மரபணுக்களையும், மால்டோஸ், காலக்டோஸ், சுக்ரோஸ் தொடர்பான மரபணுக்களையும் மூடி வைக்கிறது.

நொதித்தலின் முடிவில் குளுக்கோஸ் தீர்ந்து ஃபிரக்டோஸ் மட்டும் மிஞ்சுவது ஏன்?

இரண்டும் ஒரே எச்எக்ஸ்டி கடத்திகளின் வழியேதான் வருகின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளுக்கோஸையே வலுவாகப் பிணைக்கின்றன. இரண்டும் சம அளவில் இருக்கும் திராட்சைச் சாற்றில் குளுக்கோஸ் முந்திக்கொள்கிறது. கடைசியில் ஆல்கஹால் ஏறி ஊட்டம் குறைந்த கடினமான சூழலில், செல்லுக்கு எஞ்சியிருப்பது அதற்கு அவ்வளவாக விருப்பமில்லாத ஃபிரக்டோஸ்தான். நொதித்தல் பாதியில் நின்றுபோகும் ஒயின்களில் மிஞ்சும் சர்க்கரை பெரும்பாலும் ஃபிரக்டோஸாக இருப்பதற்கு இதுவே அடிப்படை. எச்எக்ஸ்டி3-இன் சற்று மாறிய வடிவத்தைக் கொண்ட ஒரு வணிக ஒயின் ஈஸ்ட் ஃபிரக்டோஸை நன்கு பயன்படுத்துவது கண்டறியப்பட்டிருக்கிறது. ஸைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்ற ஈஸ்டோ தனக்கென ஒரு தனி ஃபிரக்டோஸ் கடத்தியை வைத்துக்கொண்டு, ஃபிரக்டோஸையே முதலில் உண்கிறது.

சுக்ரோஸ் முழுதாகவே உள்ளே போகிறதா?

பெரும்பாலும் இல்லை. ஈஸ்ட் இன்வெர்டேஸ் என்ற நொதியைச் சவ்வுக்கு வெளியே, செல் சுவர்ப் பகுதியில் நிறுத்தி, அங்கேயே சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. பிளந்த சர்க்கரைகள் பிறகு எச்எக்ஸ்டி கடத்திகள் வழியே உள்ளே வருகின்றன. இதில் ஒரு பெரிய இழப்பு உண்டு: நொதியை உருவாக்கிய செல்லுக்குக் கிடைப்பது விளைந்த சர்க்கரையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டுமே என்றும், மீதி விரவி அண்டைச் செல்களுக்குப் போய்விடுகிறது என்றும் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நொதி செய்யாத செல்களும் அதை உண்டு வாழ்வதால், ஒத்துழைப்பும் சுரண்டலும் எவ்வாறு ஒன்றாக நிலைக்கின்றன என்று ஆராய்வோருக்கு இது விருப்பமான மாதிரியாகிவிட்டது.

சுக்ரோஸை முழுதாகவே உள்ளே கொண்டுவரும் வழியும் ஒன்று உண்டு. ஏஜிடி1 என்ற கடத்தி அதைப் புரோட்டானோடு சேர்த்துக் கொண்டுவருகிறது. இன்வெர்டேஸை வெளியே அனுப்பாமல் உள்ளேயே வைத்திருக்கும்படி மாற்றிய ஈஸ்ட், இந்த வழியையே நம்ப வேண்டியதாகிறது. அவ்வழியில் ஆற்றல் செலவு கூடுவதால் (காரணம் அடுத்த கேள்வியில்), அதே ஆற்றலைப் பெற அது அதிகச் சர்க்கரையை ஆல்கஹாலாக்க வேண்டும். செல் பெருக்கம் குறைந்து எத்தனால் விளைச்சல் கூடுகிறது. கரும்பிலிருந்து எரிபொருள் எத்தனால் தயாரிக்கும் பிரேசில் நாட்டில் இவ்வழி தீவிரமாக ஆராயப்பட்டது.

மால்டோஸை உண்பது ஈஸ்டுக்கு ஏன் கடினமாக இருக்கிறது?

இரண்டு குளுக்கோஸ் அலகுகளாலான மால்டோஸுக்கு வெளியே பிளக்கும் நொதி கிடையாது. முழுதாக உள்ளே வந்த பிறகே மால்டேஸ் நொதி அதை உடைக்கும். அதன் கடத்தியோ எளிதாக்கப்பட்ட விரவலால் இயங்குவதன்று. ஒவ்வொரு மால்டோஸ் மூலக்கூறோடும் ஒரு புரோட்டானும் உள்ளே வருகிறது. புரோட்டான்கள் வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருப்பதால் கிடைக்கும் ஆற்றலே மால்டோஸை இழுத்து வருகிறது. வந்த புரோட்டானைத் திருப்பி வெளியேற்றாவிட்டால் செல்லின் உள்பகுதி அமிலமாகிவிடும். சவ்விலுள்ள பிஎம்ஏ1 என்ற பம்ப் அதை வெளியேற்றுகிறது. ஒரு புரோட்டானுக்கு ஒரு ஏடிபி செலவு. நொதித்தலில் இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் நான்கு ஏடிபி தருகின்றன; அதே அளவுள்ள ஒரு மால்டோஸ், இந்தச் செலவு போக, மூன்றே தருகிறது. நாலில் ஒரு பங்கை நுழைவுக்கே கொடுப்பது சிறிய விலையல்ல.

செலவோடு ஆபத்தும் உண்டு. எளிதாக்கப்பட்ட விரவலில் உள்செறிவு வெளிச்செறிவை ஒருபோதும் மிஞ்சாது. புரோட்டானால் இயங்கும் கடத்திக்கு அந்த இயல்பான எல்லை இல்லை. மால்டோஸ் குறைவாகக் கிடைத்துப் பசித்திருந்த ஈஸ்டுக்குத் திடீரென மிகுதியாக மால்டோஸ் கொடுத்தபோது, செல்கள் அதைக் கட்டுப்பாடின்றி உள்ளே குவித்து இறந்துபோனதை 1990-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. அன்றாடம் மிகுதியாகக் கிடைக்கும் குளுக்கோஸுக்கு ஆற்றலின்றி இயங்கும் கடத்தியை ஈஸ்ட் வைத்திருப்பதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

மால்டோஸுக்கான மரபணுக்கள் எம்ஏஎல் என்ற பெயரில், குரோமோசோம்களின் நுனிகளுக்கு அருகே தொகுதிகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் கடத்திக்கு ஒன்று, மால்டேஸுக்கு ஒன்று, இரண்டையும் தூண்டும் புரதத்துக்கு ஒன்று என மூன்று மரபணுக்கள் உண்டு. எத்தனை தொகுதிகள், எவை இயங்கும் நிலையில் உள்ளன என்பது ஈஸ்டுக்கு ஈஸ்ட் வேறுபடும். தூண்டல் நிகழ மால்டோஸ் உள்ளே வந்திருக்க வேண்டும்; உள்ளே வரக் கடத்தி இருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே சிறிதளவு கடத்தி சவ்வில் இருப்பது இன்றியமையாதது. குளுக்கோஸ் இருக்கும்வரை மிக்1 இந்த மரபணுக்களை மூடி வைப்பதோடு, சவ்வில் ஏற்கெனவே இருக்கும் மால்டோஸ் கடத்திகளும் யுபிக்விட்டின் குறியிடப்பட்டு, உள்ளிழுக்கப்பட்டு, வாக்குவோல் என்ற செல்லின் சிதைவறையில் சிதைக்கப்படுகின்றன. ரொட்டி மாவில் தொடக்கச் சர்க்கரை தீர்ந்ததும் வாயு வெளியாவது சிறிது நேரம் தளர்ந்து மறுபடி எழுவதற்கு இதுவே காரணம். மால்டோஸுக்கான ஆயத்தம் அந்த இடைவெளியில் நடக்கிறது.

பீர் தயாரிக்கும் மால்ட் சாற்றில் நொதிக்கக்கூடிய சர்க்கரையில் பாதிக்கு மேல் மால்டோஸ், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மால்டோட்ரையோஸ். மூன்று குளுக்கோஸ் அலகுகளாலான மால்டோட்ரையோஸ்தான் கடைசியில் போகும் சர்க்கரை. பல ஈஸ்ட்கள் அதை முடிக்காமலேயே விட்டுவிடுகின்றன. வழக்கமான எம்ஏஎல் கடத்திகளில் பல அதை நன்றாக ஏற்பதில்லை. ஏஜிடி1 ஏற்கிறது; லாகர் ஈஸ்ட்களில் எம்டிடி1 என்ற மற்றொரு கடத்தியும் இந்த வேலையைச் செய்கிறது. பீரில் இனிப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்த ஓரிரு புரதங்களுக்கு இருக்கும் பங்கு பெரிது.

காலக்டோஸ், லாக்டோஸ், சைலோஸ் ஆகியவை?

காலக்டோஸ் கேல்2 வழியே வருகிறது. அது குளுக்கோஸையும் கடத்தும். லாக்டோஸைச் சாக்கரோமைசிஸ் செரிவிசியே பயன்படுத்த முடியாது: அதற்குக் கடத்தியும் இல்லை, உடைக்கும் நொதியும் இல்லை. குளூவெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்டிடம் இரண்டும் உள்ளன. பயிர்க்கழிவுகளில் நிறைந்திருக்கும் சைலோஸுக்கும் தனிக் கடத்தி இல்லை. எச்எக்ஸ்டி கடத்திகளிலும் கேல்2-இலும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. குளுக்கோஸ் இருக்கும்வரை சைலோஸுக்கு இடம் கிடைப்பதில்லை. கழிவிலிருந்து எத்தனால் எடுக்க முயல்வோருக்கு இது பெரிய இடையூறு. கேல்2-இல் 376-ஆம் இடத்து அஸ்பராஜினை ஃபினைல்அலனினாக மாற்றினால், அது குளுக்கோஸின் குறுக்கீடின்றிச் சைலோஸைக் கடத்துகிறது என்று 2014-ல் காட்டப்பட்டது.

எல்லா ஈஸ்ட்களும் குளுக்கோஸை இப்படித்தான் பெறுகின்றனவா?

இல்லை. சர்க்கரை அருகிய இடங்களில் வாழும் பல ஈஸ்ட்கள் குளுக்கோஸையே புரோட்டானோடு சேர்த்து இழுக்கின்றன. ஆற்றல் செலவானாலும், மிகக் குறைந்த செறிவிலிருந்தும் திரட்ட முடிவது அவற்றுக்கு ஆதாயம்.

நொதித்தல் போகப் போகச் சர்க்கரை நுழைவு ஏன் தளர்கிறது?

முதல் காரணம் நைட்ரஜன் பற்றாக்குறை. கடத்திப் புரதங்கள் நிலையானவை அல்ல. அவை தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கின்றன. புதிய புரதம் செய்ய நைட்ரஜன் இல்லாதபோது சிதைவு மட்டும் தொடர்வதால் சவ்வில் கடத்திகள் குறைகின்றன. நொதித்தல் மந்தமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே என்பேன். அடுத்தது ஆல்கஹால்: அது சவ்வைப் புரோட்டான்கள் கசியும்படி ஆக்குவதால், புரோட்டானை நம்பியிருக்கும் மால்டோஸ் கடத்தல் நேரடியாக அடிபடுகிறது. சவ்வின் உறுதிக்குத் தேவையான எர்கோஸ்டெராலை உருவாக்க ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றே படாமல் பல தலைமுறை பெருகிய செல்களின் சவ்வு ஆல்கஹாலைத் தாங்கும் திறனை இழப்பதும், தொடக்கத்தில் சிறிது காற்றூட்டுவது பலன் தருவதும் இதனால்தான்.

கடத்தலின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

கார்பன்-14 ஏற்றிய சர்க்கரையைச் செல்களுக்குக் கொடுத்து, சில நொடிகளிலேயே பனிக்குளிர் நீரைக் கொட்டி நிறுத்தி, வடிகட்டிக் கழுவி, உள்ளே போன கதிரியக்கத்தை எண்ணுவது அடிப்படை முறை. நேரம் நீண்டால் கடத்தலின் வேகத்தோடு உள்வேதிமாற்றத்தின் வேகமும் கலந்துவிடும் என்பதால் அந்தச் சில நொடிகளுக்குள் முடிப்பதில் மிகுந்த கவனம் தேவை. இவ்வழியே லிண்டா பிசனும் டான் ஃப்ரேங்கலும் 1983-ல், குளுக்கோஸ் நுழைவு உயர் நாட்டம், தாழ் நாட்டம் என்று இரு கூறுகளாக இருப்பதைக் காட்டினர்; தனித்தனி எச்எக்ஸ்டி மரபணுக்கள் பிரித்தறியப்படுவதற்கு முன்பே கிடைத்த விவரம் அது. மால்டோஸுக்கு இன்னும் எளிய வழி உண்டு: அமிலத்தன்மையை அதிகம் தாங்கிப்பிடிக்காத கரைசலில் செல்களை வைத்து மால்டோஸைச் சேர்த்தால், புரோட்டான்கள் செல்லுக்குள் போவதால் கரைசலின் பிஎச் சற்றே உயர்வதைப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பிட்ட கடத்தியைத் தனியே ஆராய வேண்டுமானால், 1999-ல் உருவான, குளுக்கோஸ் கடத்திகள் அனைத்தும் நீக்கப்பட்ட அந்த ஈஸ்டையே பலரும் எடுக்கிறார்கள். அது மால்டோஸில் நன்றாக வளரும், குளுக்கோஸில் வளராது. அதில் ஒரேயொரு கடத்தியின் மரபணுவைச் செலுத்தி, குளுக்கோஸில் வளர்கிறதா என்று பார்த்தாலே அந்தப் புரதம் குளுக்கோஸைக் கடத்துகிறதா என்பது தெரிந்துவிடும். தாவரங்களின் சர்க்கரைக் கடத்திகளும், சிறு மாற்றங்களின் உதவியோடு மனிதனின் குளூட்1, குளூட்4 ஆகியவையும் இந்த ஈஸ்டில் வேலை செய்ய வைக்கப்பட்டு ஆராயப்பட்டிருக்கின்றன.